படகு போச்சு, ரயில் போச்சு... சைக்கிள் வந்தாச்சு! பிரான்ஸின் லாட் - செலே ஆற்றங்கரையில் 150 கிலோமீட்டர் சுற்று

ஒரு பக்கம் பச்சையாக நகரும் ஆறு. மறுபக்கம் சாலையின் தலைக்கு மேலேயே கவிழ்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை. நடுவில், எதிரெதிரே ஒரு காரும் ஒரு டிராக்டரும் வந்தால் ஏதாவது ஒன்று ஒதுங்கித்தான் ஆக வேண்டும் என்கிற அகலத்தில் ஒரு தார்ச்சாலை. தென்மேற்கு பிரான்ஸில் லாட், செலே என்ற இரண்டு ஆறுகளை ஒட்டி வளைந்து வளைந்து போகும் இந்தச் சாலைகளைத் தேடி சைக்கிள் பிரியர்கள் வருகிறார்கள்.

பிரான்ஸ், சைக்கிள் என்றதும் டூர் டி பிரான்ஸ்தான் நினைவுக்கு வரும். அதுவும் இங்கே வந்திருக்கிறது. 2022 ஜூலை 22-ம் தேதி நடந்த 19-வது கட்டப் போட்டி காஓர் நகரில்தான் முடிந்தது. கிறிஸ்டோஃப் லபோர்ட் என்ற பிரெஞ்சு வீரர் ஜெயித்தார். அந்த வீரர்கள் மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பறந்து வந்தார்கள். ஆனால், இந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வேகம் ஆகாது. மணிக்கு 15 கிலோமீட்டர் போதும். அப்போதுதான் பாறை இடுக்கில் கட்டிய கோட்டை கண்ணில் படும். பூட்டிய ரயில் நிலையமும் படும்.

ஆமாம், பூட்டிய ரயில் நிலையம். இந்தச் சாலைகளின் அமைதிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு மிதித்தால் பயணம் இன்னும் ஆழமாக இருக்கும்.

இரண்டு ஆறுகள், ஒரு சுற்று

காஓர், லாட் மாவட்டத்தின் தலைநகரம். பாரிஸிலிருந்து துலூஸ் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. பாரிஸிலிருந்து சுமார் ஐந்து மணி நேரப் பயணம். இங்கிருந்து லாட் ஆற்றை ஒட்டிக் கிழக்கே கிளம்பினால், கொந்துஷே என்ற இடத்தில் செலே ஆறு வந்து லாட்டில் கலக்கும். அங்கே இடதுபுறம் திரும்பி, செலே கரையோடு ஃபிஜாக் வரை ஏற வேண்டும். ஃபிஜாக்கில் ஒரு மேட்டைத் தாண்டினால் மறுபடியும் லாட் பள்ளத்தாக்கு. அதன் வழியே கஜார்க், சேன்-சிர்க்-லபோபி ஊர்களைப் பார்த்துவிட்டு காஓர் திரும்பலாம். மொத்தம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பழகிய கால்களுக்கு இரண்டு நாள். குடும்பத்தோடு வந்தால் நான்கு நாள் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருப்பது ‘கோஸ்’ என்று அழைக்கப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம். அங்கே விழும் மழைநீர் நிற்காது. பாறை வெடிப்புகளில் இறங்கி, பூமிக்குள் ஓடி, பள்ளத்தாக்கில் ஊற்றாக வெளியே வரும். அதனால் மேலே குட்டையான ஓக் மரங்களும் ஆடு மேயும் கல்லாங்காடும். கீழே ஆற்றோரம் வால்நட் மரங்களும் வயல்களும். ஊர்கள் எல்லாம் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கி, பாறையின் மடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாலையும் அதே காரணத்தால் ஆற்றோடுதான் போகிறது. பெரிய மலையேற்றம் இல்லாத சுற்றாக இது அமைந்ததற்குக் காரணமும் அதுதான்.

சாத்தானை ஏமாற்றிய பாலம்

காஓரை லாட் ஆறு மூன்று பக்கமும் சுற்றி வளைத்திருக்கிறது. அதன் மேற்கே நிற்கிறது வலான்ட்ரே பாலம். 1308-ல் தொடங்கி 1378-ல்தான் கட்டி முடித்தார்கள். மூன்று உயரமான கோபுரங்கள் கொண்ட இந்தப் பாலம், ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தலாவுக்குச் செல்லும் யாத்திரைப் பாதைகளின் ஒரு பகுதியாக 1998-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

எழுபது வருஷம் இழுத்த வேலை என்றால் ஊரில் கதை கிளம்பாமல் இருக்குமா? கட்டுமானம் நகரவே இல்லையென்று மேஸ்திரி சாத்தானோடு ஒப்பந்தம் போட்டாராம். சொன்ன வேலையையெல்லாம் சாத்தான் செய்ய வேண்டும். பதிலுக்கு மேஸ்திரியின் ஆன்மா அதற்கு. பாலம் முடியப்போகிற நேரத்தில், “என் ஆட்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வா” என்று சல்லடையை நீட்டினார் மேஸ்திரி. தோற்றுப்போன சாத்தான், தினமும் ராத்திரி வந்து நடுக்கோபுரத்தின் உச்சிக் கல் ஒன்றைப் பெயர்த்துப் போட்டுவிடுமாம். 1879-ல் பாலத்தைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் போல் கூ, அந்த மூலையில் கல்லைப் பிடுங்கும் குட்டிச் சாத்தான் சிலை ஒன்றையே செதுக்கி வைத்துவிட்டார். குழந்தைகளோடு போகிறவர்கள் அண்ணாந்து அதைத் தேடாமல் நகர்வதில்லை.

காஓரை விட்டு வெளியேறும் முதல் சில கிலோமீட்டர்களில் வாகனங்கள் உண்டு. கொந்துஷே தாண்டி செலே பக்கம் திரும்பிய பிறகுதான் சத்தம் அடங்கும்.

சிறுவர்கள் கண்டெடுத்த குகை

செலே கரையில் முதல் ஊர் கப்ரரே. பாறையின் பாதி உயரத்தில், குளவிக்கூடு போல ஒட்டிக்கொண்டு ஒரு கோட்டை தெரியும். 14, 15-ம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூற்றாண்டுப் போரின் நினைவாக, இந்த மாதிரிப் பாறைக் கோட்டைகளை இன்றும் ‘ஆங்கிலேயர் கோட்டை’ என்றே அழைக்கிறார்கள். வழி நெடுக இப்படிப் பல.

கப்ரரேயிலிருந்து செங்குத்தான ஒரு சாலை மேலே போகும். மூச்சு வாங்கும், இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் தவறில்லை. மேலே பெஷ் மெர்ல் குகை. 1922-ல் உள்ளூர்ப் பதின்வயதுப் பையன்கள் இருவர், குறுகலான பொந்து வழியாக ஊர்ந்து போய் இதைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே சுவரில் இரண்டு புள்ளிக் குதிரைகள். சுற்றிலும் மனிதக் கைகளின் அச்சு. நிறமியை வாயில் வைத்து ஊதி வரைந்தவை. வயது சுமார் 29,000 வருஷங்கள்.

இந்தப் புள்ளிகள் வெறும் கற்பனையா, சடங்குக் குறியா என்று வெகுகாலம் விவாதம் நடந்தது. 2011-ல் வெளியான மரபணு ஆய்வு, அந்தக் காலத்து ஐரோப்பாவில் புள்ளி உள்ள குதிரைகள் உண்மையிலேயே இருந்தன என்று காட்டியது. வரைந்தவர் கண்ணால் பார்த்ததைத்தான் வரைந்திருக்கலாம்!

ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஓவியக் குகைகள் பலவற்றில் இன்று நகலைத்தான் பார்க்க முடியும். இங்கே அசலையே பார்க்கலாம். அதற்காகவே தினசரி பார்வையாளர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். கோடைக்காலத்தில் முன்பதிவு இல்லாமல் மேடேறினால் ஏமாற்றம்தான்.

தொட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். 1952-ல் ஒரு பார்வையாளர், ஓவியம் நிஜமாகவே பழசுதானா என்று சந்தேகப்பட்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். கைகலப்பாகி, வழக்காகி, அபராதம் வரை போனது. அவர் யாரோ எவரோ இல்லை. சர்ரியலிச இயக்கத்தின் தலைவர், கவிஞர் ஆந்த்ரே ப்ரெதோன்.

கூரை இல்லாத மடம்

கப்ரரேக்கு மேலே செலே இன்னும் ஒடுங்குகிறது. சோலியாக், மர்சியாக், எஸ்பாஞாக் என்று அடுத்தடுத்து சின்னச் சின்ன ஊர்கள். மர்சியாக்கில் பெனடிக்ட் துறவிகளின் பழைய மடம் ஒன்று இருக்கிறது. கோயிலின் ஒரு பகுதிக்குக் கூரையே இல்லை. தூண்களுக்கு மேலே ஆகாயம்.

ஒரு காலத்தில் செல்வாக்கோடு இருந்த மடம் இது. ரொக்கமதூர் என்ற இடத்தில் இருந்த ஒரு சின்னத் தேவாலயமும் இவர்கள் சொத்து. அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். துல் நகரத்துத் துறவிகள் வந்து அங்கே குடியேறினார்கள். 12-ம் நூற்றாண்டில் ரொக்கமதூர் பெரும் யாத்திரைத் தலமாகிவிட, ‘எங்கள் இடம்’ என்று மர்சியாக் மடம் கிளம்பியது. சண்டை வருடக்கணக்கில் நீண்டது. ஜெயித்தது துல் மடம். இன்று ரொக்கமதூருக்குப் பேருந்து பேருந்தாகக் கூட்டம் வருகிறது. மர்சியாக்கில் ஆற்றுச் சத்தம் கேட்கிறது.

எஸ்பாஞாக்கில் வசிப்பவர்கள் சுமார் நூறு பேர். இங்கே மட்டுமில்லை, வழியில் இருக்கும் ஊர்களில் சைக்கிளை நிறுத்தும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுக்கல் எல்லா ஊரிலும் இருக்கும். இன்று அந்த ஊர் இருக்கும் அளவுக்கு, கல்லில் இருக்கும் பெயர்களின் வரிசை பொருத்தமில்லாமல் நீளமாகத் தெரியும். இந்த ஊர்கள் ஒரு காலத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தன என்பதை அந்தக் கல்லே சொல்லிவிடும்.

எழுத்தைத் திறந்தவர் பிறந்த ஊர்

செலே கரைப் பயணம் ஃபிஜாக்கில் முடிகிறது. எகிப்தின் சித்திர எழுத்துகளுக்குப் பூட்டுத் திறந்த ஷாம்போலியன் 1790-ல் பிறந்தது இங்கேதான். புத்தகக் கடைக்காரரின் மகன். ரொசெட்டா கல்லில் ஒரே செய்தி மூன்று எழுத்துகளில் இருப்பதைத் துருப்பாக வைத்து 1822-ல் அவர் விடையை அறிவித்தார். பத்தே வருஷத்தில், 41 வயதில் இறந்துபோனார். அவர் பிறந்த வீடு இப்போது உலக எழுத்துகளின் அருங்காட்சியகம். பக்கத்து முற்றத்தில், ரொசெட்டா கல்லின் மாபெரும் நகலைக் கறுப்பு கிரானைட்டில் தரையாகவே பதித்திருக்கிறார் அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கோசுத். அதன்மேல் நடந்துகொண்டே வாசிக்கலாம்.

ஃபிஜாக் காலியாகாத ஊர். விமானப் புரொப்பெல்லர் செய்யும் தொழிற்சாலை நூறு வருஷத்துக்கும் மேலாக இங்கே இருக்கிறது. வேலை இருப்பதால் இளைஞர்களும் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலைச் சந்தையில் அந்தக் கலகலப்பைப் பார்க்கலாம். ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ், வால்நட், பருவத்தில் முலாம்பழம் என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் மதியச் சாப்பாடு முடிந்தது.

150 பூவுக்கு ஒரு கிராம்

ஃபிஜாக்கிலிருந்து மேடேறினால் ஃபய்செல் என்ற ஊரில் கீழே லாட் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். அங்கிருந்து இறக்கம். காலுக்கு ஓய்வு, பிரேக்குக்கு வேலை.

அடுத்த ஊர் கஜார்க். நாவலாசிரியர் பிரான்சுவாஸ் சகான் 1935-ல் பிறந்த ஊர். பிரெஞ்சு ஜனாதிபதியாக இருந்த ஜார்ஜ் பாம்பிடுவுக்கும் இங்கே வீடு இருந்தது. ஆனால், இன்றைக்கு இந்த வட்டாரத்தில் அதிகம் பேசப்படுவது குங்குமப்பூ!

மத்திய காலத்தில் இந்தப் பகுதியில் குங்குமப்பூ விளைந்தது. பிறகு வழக்கொழிந்தது. 1990-களில் உள்ளூர் விவசாயிகள் மறுபடி கிழங்கு நட்டார்கள். அக்டோபரில் ஊதா நிறப் பூ பூக்கும். காலையிலேயே பறித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவப்பு இழைகளைக் கையால் கிள்ளி எடுத்து, உலர்த்த வேண்டும். ஒரு கிராம் கிடைக்க ஏறத்தாழ 150 பூ தேவை. மெஷினால் ஆகாத வேலை. சிறிய நிலம், சுண்ணாம்பு மண், குடும்பத்தின் கைகள் இருந்தால் போதும். பெரிய விவசாயத்துக்கு ஒத்துவராத இந்த மண்ணில் அதுவே அனுகூலம். அக்டோபர் இறுதியில் கஜார்க்கில் குங்குமப்பூத் திருவிழாவே நடக்கிறது.

கூட்டம் கூடும் ஊர்

ஆற்றோடு இன்னும் கீழே போனால் பாறை விளிம்பில் தொங்குகிற மாதிரி ஓர் ஊர் தெரியும். அதுதான் சேன்-சிர்க்-லபோபி. இந்தச் சுற்றின் கடினமான ஏற்றங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. 2012-ல் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் ‘பிரெஞ்சு மக்களின் மனம் கவர்ந்த கிராமம்’ பட்டம் வென்ற ஊர்.

மரம் கடைவதுதான் இதன் பழைய தொழில். ஒயின் பீப்பாய்களுக்கு மரக்குழாய் கடைந்து கொடுத்தார்கள். தொழில் மங்கி, வீடுகள் இடிய ஆரம்பித்த காலத்தில், 1951-ல் இங்கே ஒரு வீடு வாங்கினார் ஒரு கவிஞர். குகையில் விரலால் தேய்த்தாரே, அதே ப்ரெதோன்தான். அவரைத் தொடர்ந்து கலைஞர்கள் வந்தார்கள். ஊர் பிழைத்தது.

இன்று ஊரில் நிரந்தரமாக வசிப்பவர்கள் சில நூறு பேர் கூட இல்லை. வந்து போகிறவர்கள் வருஷத்துக்குப் பல லட்சம். கோடை மதியத்தில் சந்துகளில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பதே சிரமம். மாலையில் பேருந்துகள் கிளம்பிய பிறகோ, அதிகாலையிலோ போனால்தான் ஊரின் முகம் தெரியும்.

பாறையைக் குடைந்த பாதை

சேன்-சிர்க்கிலிருந்து இறங்கினால் பூஸியெஸ். இங்கே சைக்கிளை நிறுத்திப் பூட்டிவிட்டுக் கொஞ்சம் நடக்க வேண்டும். செங்குத்தான பாறை நேராகத் தண்ணீரில் இறங்குகிற இடத்தில், பாறையையே குடைந்து ஒரு பாதை வெட்டியிருக்கிறார்கள். 1840-களின் வேலை. படகுகளைக் கயிறு கட்டி, கரையிலிருந்து இழுத்துக்கொண்டு போவதற்கான பாதை. 1980-களில் டேனியல் மோனியே என்ற சிற்பி, இந்தப் பாறைச் சுவரில் மீன்களும் சிப்பிகளும் நீந்துகிற மாதிரி நீளமான புடைப்புச் சிற்பம் செதுக்கியிருக்கிறார். பாதையில் நடப்பவர்கள் சுவரைத் தடவிக்கொண்டே போகிறார்கள். இங்கே தடவலாம், தப்பில்லை!

இந்த ஆறு ஒரு காலத்தில் நெடுஞ்சாலையாக இருந்தது. மேலே இருந்து நிலக்கரி, காஓரிலிருந்து ஒயின் எல்லாம் படகில் போர்தோ துறைமுகம் வரை போயின. படகுக்காரர், கயிறு இழுப்பவர், மதகுக் காவலர், பீப்பாய் செய்பவர், குழாய் கடைபவர் என்று ஆற்றை நம்பி ஆயிரம் அடுப்பு எரிந்தது.

1886-ல் காஓரிலிருந்து காப்தெனாக் வரை, ஆற்றை ஒட்டி ரயில் வந்தது. படகுக்கு வேலை குறைந்தது. அதே காலகட்டத்தில் ஃபைலோக்சரா என்ற பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தது. 1926-ல் லாட் ஆறு, படகுப் போக்குவரத்துக்கான ஆறுகளின் அரசுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. மிச்சமிருந்த திராட்சைக் கொடிகளை 1956 பிப்ரவரியின் கடும் உறைபனி கருக்கியது. கடைசியில் ரயிலும் நிலைக்கவில்லை. 1980-ல் பயணிகள் ரயில் நின்றுபோனது.

லாட் மாவட்டத்தில் 1851-ல் சுமார் 2,96,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று ஏறத்தாழ 1,75,000 பேர். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான இடைவெளியில் பத்தில் நான்கு பேர் குறைந்திருக்கிறார்கள். சைக்கிள் பயணிகள் ரசிக்கும் அமைதி, இப்படி வந்ததுதான்.

ஆனால், கதை அங்கேயே நின்றுவிடவில்லை. உறைபனிக்குப் பிறகு மறுபடி நட்ட மால்பெக் திராட்சை, 1971-ல் காஓர் ஒயினுக்கு அரசு அங்கீகாரம் வாங்கித் தந்தது. 1990-லிருந்து ஆற்றின் ஒரு பகுதியில் சுற்றுலாப் படகுகள் மறுபடி ஓடுகின்றன. 1999-ல் மேட்டு நிலம் வட்டாரப் பூங்காவானது. 2017-ல் யுனெஸ்கோ புவிப் பூங்கா. ஊர் வெளிச்சம் குறைவு என்பதால், பிரான்ஸில் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும் இடங்களில் ஒன்று என்ற பெயரும் கிடைத்திருக்கிறது. ஆள் இல்லாத குறையே ஒரு வகையில் சொத்தாகிவிட்டது.

இதில் சைக்கிளுக்கும் பங்கு உண்டு. காரில் வருகிறவர் சேன்-சிர்க்கைப் பார்த்துவிட்டு, ஒரே மணி நேரத்தில் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சைக்கிளில் வருகிறவருக்குப் பசிக்கும். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை தாகம் எடுக்கும். இருட்டினால் எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கேதான் தங்கியாக வேண்டும். நூறு பேர் வாழும் ஊரில் ஒரு பேக்கரியும் ஒரு தங்கும் விடுதியும் திறந்திருக்க, அப்படிப்பட்ட விருந்தாளிகள்தான் தேவை.

கிளம்பும் முன்...

* எப்போது போகலாம்? மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். குங்குமப்பூ பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர்.

* எப்படிப் பிரிக்கலாம்? முதல் நாள் காஓர் - கப்ரரே. இரண்டாம் நாள் குகையைப் பார்த்துவிட்டு ஃபிஜாக். மூன்றாம் நாள் கஜார்க் வழியாக சேன்-சிர்க். நான்காம் நாள் பூஸியெஸ் பாதையில் நடந்துவிட்டு காஓர்.

* நேரம் குறைவா? கொந்துஷேயில் தொடங்கி அங்கேயே முடித்தால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். செலே, லாட் இரண்டையும் பார்த்துவிடலாம்.

* எந்த சைக்கிள்? குறைந்த கியர் உள்ள சாதாரண ரோடு சைக்கிள் போதும். மேடுகளை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு மின்சார சைக்கிள் கைகொடுக்கும்.

* சட்டம் என்ன சொல்கிறது? 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை அணிய வேண்டும். ஊருக்கு வெளியே காரில் முந்துகிறவர் சைக்கிளிலிருந்து ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும்.

* சாப்பாடு, தண்ணீர்: சின்ன ஊர்களில் மதியம் கடை மூடிவிடுவார்கள். திங்கள்கிழமை பல கடைகள் திறக்கவே திறக்காது. காலையிலேயே ரொட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும். பிரெஞ்சு சைக்கிள்காரர்களின் பழைய உபாயம் இது. ‘குடிக்க உகந்ததல்ல’ என்று பலகை இருக்கிறதா என மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

* கடைசியாக ஒன்று: செலே கரையில் எந்தச் சின்ன ஊரிலாவது ஒரு காபிக் கடை திறந்திருந்தால், தாகம் இல்லையென்றாலும் ஐந்து நிமிடம் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டுப் போங்கள். அடுத்த வருஷம் வருகிறவருக்கும் அந்தக் கடை திறந்திருக்கட்டும்.